இடது பக்க இண்டிகேட்டர்

ஒரகடம் பக்கம் ஓடுகிற கம்பெனி பஸ்களில் பெரும்பாலானவை யாருக்காகவும் நிற்காது. நேரம் ஆனால் கிளம்பிவிடும். ஓடி வருகிறவர் கையைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். எங்கள் பஸ் அந்த ரகம் இல்லை. எங்கள் டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தபடி, “யார்னா வர்றாங்களா?” என்று கேட்பார். “யாரும் வரலை” என்று நாங்கள் ஒரே குரலில் கத்துவோம். அவர் நம்பமாட்டார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தானே ஒரு தடவை பார்த்த பிறகுதான் கியர் விழும்.

நான் அப்போது தண்டலத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் சரக்கு வரவு பதிகிற வேலை. அருப்புக்கோட்டையில் பி.சி.ஏ. முடித்திருந்ததால், எப்படியாவது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தாவிவிட வேண்டுமென்று சொந்தமாக வெப் டிசைன் பழகிக்கொண்டிருந்தேன். தண்டலம்தான் முதல் ஸ்டாப். அதனால் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட் எப்போதும் எனக்கு.

ஆளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குட்டை. கழுத்தில் ஒரு பூத்துவாலை. குரல் மட்டும் இரண்டு ஆள் சேர்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அடக்கம் என்பது அவர் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. “நம்ம வண்டிய புடிக்க ஓடியாந்தவன் கீறான், வுட்டுட்டு நின்னவன் கெடயாது. வேணும்னா ஹைவே ஃபுல்லா விசாரிச்சுப் பாரு” என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஓவர் டைம் முடித்து, காலெல்லாம் வலித்து, வீட்டுக்குப் போனால் போதுமென்று உட்கார்ந்திருக்கிற சாயங்காலத்தில் இது பெரிய ரோதனை. எவனோ ஒருவன் லாக்கர் சாவியைத் தேடிக்கொண்டிருப்பான். அவனுக்காக ஐம்பது பேர் காத்திருப்போம். பின்சீட்டிலிருந்து திட்டு பறக்கும். அவர் அசையமாட்டார். “வண்டி இன்னா தானா ஓடியா பூடும்? நாந்தான ஓட்டணும்? குந்து” என்பார். எனக்கே பல நாள் அவர் மேல் ஆத்திரம் வந்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் கொடுப்பார். எல்லா இடத்திலும் முன்னால் இருப்பவர்களிடமிருந்து கொடுத்துக்கொண்டு போவார்கள். இவர் நேராகக் கடைசி சீட்டுக்குப் போய் அங்கிருந்து ஆரம்பிப்பார். முதல் சீட்டில் இருக்கிற எனக்கு வரும்போது பாத்திரத்தில் மாங்காய்த் துண்டு தீர்ந்திருக்கும். கேட்டால், “முன்னாடி குந்தினு கீறவங்களுக்கு எப்டினா கெடைச்சிரும். பின்னாடி கீறவனுக்குத்தான் கெடைக்காது” என்பார். எனக்கு மாங்காய் கிடைக்காதது அவர் கணக்கில் வராது.

அந்த வருடம் ஒரகடம் போகிற வழியில் பாலம் வேலை ஆரம்பித்தது. இந்த வாரம் சாலையின் ஒரு பக்கத்தை அடைப்பார்கள், அடுத்த வாரம் மறு பக்கத்தை. அதற்குத் தகுந்தாற்போல் பஸ் நேரமும் மாறிக்கொண்டே இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் நேரத்தைப் போட்டால், அதன் மேல் காலை வணக்கப் பூக்களும் பிறந்தநாள் கேக்குகளும் வந்து விழுந்து மூடிவிடும். பிறகு ஆளாளுக்கு அவருக்கு போன் போடுவார்கள். ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார். தொடாமல் இருந்தால் யாரையாவது விட்டுவிடுவோமோ என்று பதறுவார்.

காலையில் எங்களை இறக்கிவிட்டால், மறுபடி ஏற்றும்வரை டிரைவர்கள் கம்பெனி பார்க்கிங்கிலேயே பொழுதைத் தள்ள வேண்டும். மற்றவர்கள் சீட்டு ஆடுவார்கள், தூங்குவார்கள். இவர் போனில் வீடியோ பார்த்து வெப்பேஜ் செய்யக் கற்றுக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், பெரிய கம்ப்யூட்டரில் வைத்து அழகு பார்த்தார். ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினால் சீட்டுக்கு சீட்டு கியூஆர் கோடு ஒட்டியிருந்தது. “ஸ்கேன் பண்ணிப் பாருங்க, நம்ம வண்டிக்கு வெப்சைட்டு வந்துகீது!” என்றார்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று கம்பெனி கேட்டில் எங்கள் எல்லோருடைய போன் கேமராவிலும் செக்யூரிட்டி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அதைப் பிய்த்தால் மறுநாள் உள்ளே விடமாட்டார்கள். பஸ் முழுக்கச் சிரிப்பு. அவருக்குச் சுருக்கென்று ஆனது ஒரு நிமிடம்தான். மறுநாள் கண்ணாடிக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், வெப்சைட் முகவரியைப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்.

திறந்து பார்த்தேன். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. மேலே ‘வருக வருக’ என்று ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் ரோஜாப்பூ மினுக்கியது. நடுவில் பஸ்ஸின் பெரிய போட்டோ. லாரியின் பின்பக்கத்தைக் கழற்றி போனில் மாட்டினாற்போல் இருந்தது. அதற்குக் கீழே இடது பக்கம் ஸ்டாப்புகள், வலது பக்கம் நேரங்கள்.

ஆனால் பிரவுசிங் சென்டர் திரைக்கு அளந்து அகலத்தைக் கட்டிப்போட்டிருந்தார். போனில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்தது. விரலால் பெரிதாக்கினால் ஸ்டாப்பின் பெயர் தெரியும், நேரம் திரைக்கு வெளியே ஓடிவிடும். உள்ளே எழுதியிருந்ததைப் பார்த்தேன். எல்லாமே ‘டிவ்’. அதாவது வெறும் டப்பா. இது தலைப்பு, இது அட்டவணை, இது குறிப்பு என்று எதற்கும் அதனதன் பெயரைச் சொல்லவில்லை. ஸ்டாப்புகள் ஒரு டப்பா, நேரங்கள் இன்னொரு டப்பா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான்.

“அண்ணே, இதை அட்டவணையா எழுதணும். பாக்குறவங்களுக்குப் புரியுது, ஆனா எந்த ஸ்டாப்புக்கு எந்த நேரம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது” என்றேன்.

“ஆளுக்குத் தெரிஞ்சா போதாதா? கம்ப்யூட்டரா வந்து பஸ்ல ஏறப்போவுது?” என்றார்.

மறுபடியும் பஸ் முழுக்கச் சிரிப்பு, இந்த முறை என்னைப் பார்த்து. சரிதான் போ என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டெல்லா அக்கா மண்ணூர் கூட்ரோட்டில் ஏறுவார். பேக்கிங்கில் கான்ட்ராக்ட் வேலை, அட்டைப்பெட்டி மடிப்பார். கண்ணில் விழித்திரை நோய். பகலில் ஆட்களும் வண்டிகளும் உருவமாகத் தெரியும். எழுத்து தெரியாது. விடியற்காலை இருட்டில் அதுவும் இல்லை. விட்டுவிட்டு எரிகிற எங்கள் பஸ்ஸின் இண்டிகேட்டர் மட்டும் தெரியும்; அதைப் பார்த்து நடந்து வந்து ஏறிவிடுவார். போனில் என்ன இருந்தாலும் அதுவே படித்துக் காட்டுகிற வசதியைப் போட்டு வைத்திருந்தார். காதில் ஒரு இயர்போன் தொங்கிக்கொண்டே இருக்கும். வாயில் வம்பு தொங்கிக்கொண்டே இருக்கும்.

பழைய நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெப்சைட் வந்த பிறகு நேரம் மாறிய முதல் நாள், ஒரு வியாழக்கிழமை, மண்ணூரில் அக்காவைக் காணோம். அன்றைக்குப் பார்த்து டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் எங்கள் பஸ்ஸில் செக்கிங் வந்திருந்தார். டிரைவர் இண்டிகேட்டர் போட்டார், தலையை நீட்டினார், ஹாரன் அடித்தார். இன்சார்ஜ் கைக்கடிகாரத்தைத் தட்டினார். “அக்கா இன்னிக்கி லீவு போலக்கீது” என்று முனகிக்கொண்டே டிரைவர் வண்டியை எடுத்தார்.

அக்கா லீவு இல்லை. ஷேர் ஆட்டோ மாறி மாறி, ஷிஃப்ட் ஆரம்பித்துப் பாதியில் வந்து சேர்ந்திருந்தார். கண் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்கெனவே நிறைய லீவு. கான்ட்ராக்டர் கேட்டிலேயே நிறுத்தி, இனி ஒரு நாள் பஸ்ஸை விட்டால் கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்று சொல்லிவிட்டார். கணவர் இல்லாத வீடு, பத்தாவது படிக்கும் மகள். அந்த வேலையை நம்பித்தான் எல்லாம்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் நேராக டிரைவரிடம் வந்து நின்றார்.

“ஏன் தம்பி, வுட்டுட்டுப் பூட்ட?”

“நீ வரலியேக்கா. நான் நின்னு ஹாரன்லாம் அடிச்சேனே.”

“உன் வெப்சைட்டுல போட்ட டைமுக்குத்தான் வந்தேன். கேட்டுட்டுத்தான் வூட்ட வுட்டே கெளம்பினேன்.”

“அதுல கரெக்டா கீதுக்கா!” என்று போனைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். நீட்டிய பிறகுதான் யாரிடம் நீட்டுகிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். கையை மடக்கிக்கொண்டு என்னிடம் காட்டினார். நான் பார்த்தேன். மண்ணூர் கூட்ரோட்டுக்கு எதிரே இருந்த நேரம் சரியாகத்தான் இருந்தது. அக்கா பத்து நிமிடம் கழித்து வந்திருக்கிறார்.

“சரி வுடுக்கா, டெய்லி காலீல நானே உனுக்கு போன் பண்ணி டைம் சொல்லிடறேன்” என்றார்.

“இன்னாத்துக்கு? நீ லீவு போட்டா யாரு சொல்லுவா? உனுக்கு பதிலா வேற ஒருத்தன் ஓட்டினா அவனாண்ட கெஞ்சணுமா? எல்லாரும் எத்த பாத்து வராங்களோ நானும் அத்த பாத்து வரேன். அத்த ஒயுங்கா போடு, போதும்.”

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். மறுநாள் ‘யார்னா வர்றாங்களா?’ இல்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இண்டிகேட்டரைப் போட்டு, வாய் திறக்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடினால் பஸ்ஸில் இவ்வளவு அமைதி இருக்குமென்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளி சாயங்காலம் இறங்கும்போது மெல்லக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, திங்கக்கெயமை மறுபடியும் டைம் மாறுது. நாளைக்கி உன் லேப்டாப்ப எட்தாறியா?”

சனிக்கிழமை எனக்கும் அக்காவுக்கும் மதியத்தோடு வேலை முடிந்தது. ஓவர் டைம் ஆட்கள் சாயங்காலம்தான் வருவார்கள். பார்க்கிங்கில் வேப்பமர நிழலில் வண்டி நின்றது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இன்ஜின் மேடைதான் எங்கள் மேஜை. லேப்டாப்பை வைத்தேன்.

“மொதல்ல அது எங்கிட்ட இன்னா பேசுதுன்னு கேளு தம்பி” என்று அக்கா இயர்போனைப் பிடுங்கிவிட்டு போனைச் சத்தமாக வைத்தார்.

குரல் படிக்க ஆரம்பித்தது. வருக வருக. படம். படம். படம். பிறகு தண்டலம், டீ, பெட்ரோல் பங்க், மண்ணூர் கூட்ரோடு என்று ஸ்டாப்புகள் வரிசையாக ஒரகடம்வரை போயின. அதெல்லாம் முடிந்த பிறகு நேரங்கள் மட்டும் வரிசையாக வந்தன. எது எதனுடையது என்று ஒரு சொல் இல்லை.

“இப்டித்தான் படிக்கும். நான் வெரல் வுட்டு எண்ணிக்குவேன். மண்ணூரு நாலாவது. அப்ப நாலாவது டைம் என்னுது” என்றார் அக்கா.

டிரைவர் அடித்தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் எழுப்பினார். எனக்கும் அதே நேரத்தில்தான் விளங்கியது. டீ!

தண்டலத்துக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் நடுவில் அவர் டீ குடிக்க நிறுத்துவார். அங்கே யாரும் ஏறுவதில்லை. ஆனாலும் வண்டி நிற்கிற இடத்தையெல்லாம் எழுத வேண்டும் என்பது அவர் நியாயம். ஸ்டாப்புகளோடு டீயையும் சேர்த்திருந்தார். அதற்கு நேரம் கிடையாது, எதிரே காலியாக விட்டிருந்தார். கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது காலி இடம். படிக்கிற குரலுக்குக் காலி இடம் என்று ஒன்று இல்லை, தாண்டிப் போய்விடும். அக்கா எண்ணிய நாலாவது நேரம், மண்ணூருக்கு அடுத்த ஸ்டாப்பினுடையது.

“நான் குடிச்ச டீக்கு உன்ன ரோட்ல நிக்க வெச்சிட்டேனேக்கா” என்றார். அந்தப் பெரிய குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

“அயுவாத. டைப் பண்ணு” என்றார் அக்கா.

முதலில் இரண்டு டப்பாவையும் உடைத்தோம். நிஜமான அட்டவணை ஒன்று போட்டு, ஒரு ஸ்டாப்பும் அதன் நேரமும் ஒரே வரிசையில் வருகிற மாதிரி எழுதினோம். தலைப்பைத் தலைப்பு என்றும், முக்கியமான பகுதியை முக்கியமானது என்றும், அடிக்குறிப்பை அடிக்குறிப்பு என்றும் அதனதன் பெயராலேயே குறித்தோம். நான் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் டிரைவரேதான் அடித்தார். என்னை அடிக்கவிடவில்லை. “நாளைக்கி நீ வேலைய வுட்டுட்டு மெட்ராசுக்குப் பூடுவ. அப்பறம் டைம் மாறுனா யாரு மாத்துவா?” என்றார்.

அகலத்தைக் கட்டிப்போட்டிருந்த வரியை எடுத்தோம். திரை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குள் அடங்கு என்று பக்கத்துக்குச் சொன்னோம். பெரிய திரையில் போட்டோ பக்கத்தில் நிற்கும். சின்ன போனில் அட்டவணைக்குக் கீழே இறங்கிவிடும். மஞ்சளும் சிவப்பும் போய் வெள்ளையில் கறுப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ரோஜாப்பூவை விட்டுக்கொடுத்தார். ‘வருக வருக’வுக்கு மட்டும் சண்டை பிடித்தார்.

“வர்றவங்கள வாங்கன்னு சொல்லாம எப்டிம்மா?”

“சொல்லுங்கண்ணே. நின்னு சொல்லுங்க. ஏன் ஓடிக்கிட்டே சொல்றீங்க?”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். ஓடிக்கொண்டிருந்த வரி நின்றது.

டீயை என்ன செய்வதென்று கேட்டேன். பேசுகிற விஷயத்தோடு சேராமல், ஓரமாகச் சொல்ல வேண்டியதை வைக்க ‘அசைடு’ என்று ஒன்று இருக்கிறது என்றேன். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கடைசியில் அதைப் போட்டு, ‘டிரைவர் டீ குடிக்கும் இடம். இது ஸ்டாப் இல்லை’ என்று எழுதினார்.

“படத்துக்கு ஒரு வரி எழுதணும்ணே. இல்லாட்டி வெறுமே படம்னு மட்டும்தான் சொல்லும்.”

“அத்த நான் எய்திக்கிறேன். நீ ஓவர் டைம்காரங்க வராங்களா பாரு.”

வந்துவிட்டார்கள். ஆனால் வண்டி நகரவில்லை. அவர் கதவில் நின்றுகொண்டு ஏறுகிற ஒவ்வொருவரையும் போனில் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். கீறல் விழுந்த போன், பாதி திரை கறுத்துப்போன போன், கைக்குள் அடங்குகிற சின்ன போன், எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்தார். ஒரு போனில் நேரம் ஓரத்தில் வெட்டுப்பட்டது. உள்ளே வந்து, என்னைக் கேட்டு அதைச் சரி செய்துவிட்டு, மறுபடி கதவுக்குப் போனார். பின்சீட்டிலிருந்து திட்டு ஆரம்பித்தது. “குந்துங்க, குந்துங்க! இன்னும் யார்து போன்னா பாக்காம கீதா?” என்று குரல் பழையபடி கிளம்பியது. அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

கடைசியாக அக்காவின் போனை வைத்துக் கேட்டோம். ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பெயரும் நேரமும் சேர்ந்தே வந்தன. “மண்ணூர் கூட்ரோடு, நான்கு ஐம்பது” என்றது குரல். அக்கா மறுபடி ஒருமுறை வைத்துக் கேட்டார். பிறகு போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமைக்கான புது நேரத்தை ஞாயிறு சாயங்காலம் அவரே தனியாக மாற்றினார். விடியற்காலையில் நான் ஏறியதுமே வண்டியை எடுத்தார். டீக்கடையில் வண்டி நிற்கவில்லை. மண்ணூர் திருப்பம் வருவதற்கு முன்பே இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார். விளக்கு வெளிச்சம் வளைந்து திரும்பியதும், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டெல்லா அக்கா நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

“இன்னா தம்பி, டீ குடிச்சியா?” என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

“அசைடுல வெச்சிட்டேன்க்கா!” என்று கத்தினார். அவர் ஒரு கையால் துவாலையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு தலையை வெளியே நீட்டி, “வேற யார்னா வர்றாங்களா?” என்றார்.

அடுத்த வருடம் பஸ் கான்ட்ராக்ட் வேறு டிராவல்ஸுக்குப் போயிற்று. அவர் வண்டியோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். புது டிரைவர் நல்ல மனிதர்தான், ஆனால் கடிகாரக்காரர். நேரம் ஆனதும் கிளம்பிவிடுவார். இண்டிகேட்டர், தலை நீட்டல் எதுவும் கிடையாது. அவர் வந்த முதல் வாரத்தில் எங்கள் பஸ்ஸில் நிறையப் பேர் வண்டியை விட்டார்கள். ஸ்டெல்லா அக்கா ஒரு நாள்கூட விடவில்லை.

பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. ஒரு நாள் பஸ்ஸில் அக்காவிடம், “அந்தப் பழைய வண்டி போட்டோவை எடுத்துரலாம்னு இருக்கேன்க்கா. அந்த வண்டியே இப்ப இல்லையே” என்றேன்.

“போட்டோவ தொடாத.”

“ஏங்க்கா? உங்களுக்கு அது...” என்று இழுத்தேன்.

அவர் ஒரு காதிலிருந்த இயர்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். போனை இரண்டு தரம் தட்டினார். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாத அந்தக் குரல், பழைய டிரைவருடைய பேச்சைத் தட்டுத் தடுமாறிப் படித்தது:

“படம். இது நம்ம வண்டி. லெஃப்ட் இண்டிகேட்டர் எரிஞ்சிகினு கீது. கதவு தொறந்து கீது. அவசரம் இல்ல, மெதுவா வாக்கா.”

“டெய்லி காலீல இத்த கேட்டுட்டுத்தான் வூட்ட வுட்டு கெளம்பறேன்” என்றார் அக்கா.

அந்தப் படத்தை நான் இன்றுவரை எடுக்கவில்லை.